பாதித் தட்டு

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில், காலை இடைவேளையின்போது எங்கள் பெண்கள் நடப்பார்கள். தொங்கும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே, நீராவிக்குள், பதினான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக. முகம் தெரியாது, செருப்புச் சத்தம் மட்டும் வரும். ஒருத்தி ஒரு விரிப்புக்குள் மறைந்து மூன்று வரிசை தள்ளி வெளியே வருவாள். பார்த்துக்கொண்டே நின்றால் எனக்குக் கண் சொக்கும்.

இது என் ஏற்பாடு. சர்க்கரை நோய் வராமல் தடுக்க இந்நாட்டுக்காரர்களுக்காக எழுதிய திட்டத்தை, பிழைக்க வந்த எங்கள் சனத்துக்குத் தக்கபடி மாற்றுவது சுகாதார அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை. பூங்காவில் ஓடுங்கள் என்றிருந்ததை வேலையிடத்திலேயே நடப்பதாக்கினேன். சின்னத் தட்டில் குறைவாகப் பரிமாறுங்கள் என்றிருந்தது. நடக்கிற காரியமா? குறைத்துப் போட்டால் எங்கள் வீடுகளில் முகம் சுருங்கிவிடும். அதனால் வழக்கம்போலப் பரிமாறட்டும், சாப்பிடுகிறவர் பாதியோடு எழுந்துவிடட்டும் என்று மாற்றினேன். மேலதிகாரி பாராட்டினார். எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது.

ஆறு மாதத்தில் இந்தப் பெண்களின் வீட்டு ஆண்களெல்லாம் இளைத்தார்கள். என் அண்ணன் இடைவாரில் புதிதாக இரண்டு துளை போட்டான். பெண்களுக்கு மட்டும் சர்க்கரை ஏறியிருந்தது. அதிலும் என் அண்ணிக்கு, இதற்குமேல் நோய் என்று கோடு கிழித்த இடத்துக்கு மயிரிழை கீழே.

அண்ணியின் அம்மாவுக்குச் சர்க்கரையால்தான் பார்வை போனது. சலவைக்கூடத்தில் அண்ணிக்குக் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் வேலை. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சோதித்துப் பார்த்துக்கொள்வார். அந்தப் பயத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தினமும் சாப்பிட்டதை அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தேன். மூன்று வேளையும் ஒரு கைப்பிடிச் சோறு. யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள் என்று சலவைக்கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். என் நாக்கில் சனி. அவர் தாளை நாலாக மடித்தார்.

"நான் பொய் எழுதலம்மா. தட்டுல போட்டுக்கிட்டது அவ்வளவுதான்."

அண்ணன் வீட்டு மாடியில்தான் என் அறை. சாப்பாடு கீழே, அண்ணி கையால். அந்த ஞாயிறு மதியமும் பாதியோடு எழுந்து மாடிக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வர, திரும்ப இறங்கினேன். சமையலறையில் குழாய் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. கழுவும் தொட்டியருகே அண்ணி சன்னல் வெயிலில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வைத்த பாதி முடிந்திருந்தது, பிள்ளைகள் இருவரும் வைத்த பாதியும் முடிந்திருந்தது. கையில் இருந்தது என் தட்டு. அவர் கண் சன்னலுக்கு வெளியே எங்கோ இருந்தது. தூக்கத்தில் நடப்பவர்போல இருந்தார். சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை.

பதினான்கு வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி, இப்படி ஒரு குழாய், பக்கத்தில் ஒருத்தி நிற்பது கண்ணில் ஓடியது. மிச்சம் வைக்கச் சொன்னேனே, அந்த மிச்சம் எங்கே போகும் என்று ஒருநாளாவது யோசித்தேனா? பெரிய கெட்டிக்காரி!

என்னைக் கண்டதும், கொட்ட மனசு வரவில்லை என்றார் அண்ணி, பிடிபட்ட பிள்ளைபோல. மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு அழுகைதான் வந்தது. அவரோ தட்டை வைத்துவிட்டு எனக்குக் கண் துடைக்கத் துண்டு தேடினார்.

அன்று மாலைச் சாப்பாட்டுக்கு எல்லாரையும் காத்திருக்கச் சொன்னேன். அண்ணன் முகம் ஒரு மாதிரியாகப் போனது. போகட்டும் என்று விட்டேன். அண்ணியை உட்காரவைத்து, காலித் தட்டை முன்னால் வைத்து, கரண்டியைக் கையில் கொடுத்தேன்.

"முதல்ல நீங்க போட்டுக்கோங்க அண்ணி. உங்களுக்கு எவ்வளவு பசிக்குதோ அவ்வளவு."

அவர் ஒரு கரண்டி எடுத்தார். அதைப் பாத்திரத்திலேயே திரும்பக் கொட்டினார். மறுபடி எடுத்தார். நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்டியைப் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு எவ்வளவு பசிக்கும்னு தெரியலையேம்மா."