பாஞ்சாலியின் குரல்

செல்போன் கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று கால் வீங்கிப்போன ஷெர்லினுக்கு, அருங்காட்சியகத்தில் கிடைத்த வேலை பெரிய ஆறுதல். ஸ்ரீபெரும்புதூரில் மூடிப்போன ஒரு பள்ளிக் கட்டடத்தில் அறக்கட்டளை ஒன்று அதை நடத்திவந்தது. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த ஊர்களிலிருந்து கலப்பை, நெல் அளக்கும் மரக்கால், கோயில் மணி என்று சேகரித்து வைத்திருந்தார்கள். பார்க்கத்தான் யாரும் வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் திரும்பி, மிச்ச நேரம் தூங்குகிறவர்கள் எப்படி வருவார்கள்?

"அவங்க இங்க வர வேணாம். நாம அவங்க போனுக்குப் போவோம்" என்றார் பொறுப்பாளர் ஹேமந்த். ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, அதைக் கொடுத்தவரின் குரலையும் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது என்று முடிவானது. அந்தப் பொறுப்பு ஷெர்லினிடம் வந்தது. 2014ஆம் வருடம் முழுக்க அவள் குரல் பதியும் கருவியோடு ஊர் ஊராக அலைந்தாள்.

அப்படித்தான் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் பாஞ்சாலியின் வீட்டுக்குப் போனாள். பாஞ்சாலி ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். நிலம் கைவிட்டுப் போன அதே வருடம் கணவனும் இறந்துபோனான். அவர்கள் வயலில் இருந்த பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் எப்படிச் சீறிக்கொண்டு வரும் என்பதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பேசி முடித்ததும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"வூட்டுக்காரரு எப்படிம்மா இறந்தாரு?" என்று ஷெர்லின் சும்மாதான் கேட்டாள்.

பாஞ்சாலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாம்பு கடிச்சிடுச்சுன்னுதான் ஊர்ல சொல்லிகினு கீறேன். பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. நெலத்த அளந்து கல்லு நட்டாங்க பாரு, மறுநாளே அந்தப் பம்புசெட்டு கெணத்துல போய் வுழுந்துட்டாரு. ரத்னாவுக்குத் தெரியாது. எம் பொண்ணு அப்ப சின்னப் புள்ள, அதுகிட்ட இன்னான்னு சொல்றது? பெரிசானப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். வாய் வரல."

கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதை ஷெர்லின் கவனித்தாள். அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை.

அலுவலகத்தில் வெட்டி ஒட்டும்போது அந்தக் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதுவரை அவள் பதிந்த எந்தக் குரலிலும் இப்படி ஒரு உண்மை இல்லை. 'ரத்னாவுக்குத் தெரியாது' என்பதிலிருந்து கடைசிவரை வெட்டி எடுத்தாள். மீதியை ஸ்டார்ட்டர் பெட்டியின் படத்தோடு ஏற்றினாள்.

கேட்டுவிட்டு ஹேமந்த் நெகிழ்ந்துபோனார். அறக்கட்டளைக்காரர்கள் போன் செய்து பாராட்டினார்கள். யாரோ அதை இறக்கி வாட்ஸ்அப்பில் போட, தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றியது. ஷெர்லினுக்குப் பெருமையாக இருந்தது; சிவப்பு விளக்கைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கம்பெனிச் சீருடையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஷெர்லின்றது நீங்கதானா? நான் பாஞ்சாலி பொண்ணு, ரத்னா."

ஷெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"பஸ்ல பின்சீட்ல ஒருத்தர் கேட்டுகினு வந்தாரு. அம்மா குரல் மாதிரி கீதேன்னு நான்தான் சத்தமா வைங்கன்னு சொன்னேன். பஸ்ஸே கேட்டுச்சு. எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு எல்லாரோடயும் சேந்து நானும் தெரிஞ்சிகிட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அம்மா ஒத்துகினுதான் இதக் குடுத்தாங்களா?"

'இல்லை' என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் ஷெர்லினின் வாயிலிருந்து வந்தது வேறு.

"கையெழுத்து போட்டிருக்காங்க."

"அப்ப ஊருக்குச் சொல்லலாம், எனக்குத்தான் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரத்னா போய்விட்டாள்.

அன்றே ஷெர்லின் அந்தப் பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டாள். போன்களில் போனதை எடுக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டபோது ஜெபத்துக்குப் பதில் அந்தப் பெண்ணின் கேள்விதான் வந்தது. பூசை முடிவதற்குள் எழுந்து வல்லக்கோட்டை பஸ் பிடித்தாள்.

பாஞ்சாலி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வாம்மா. ரத்னாதான் இல்ல. ஓவர்டைம் ஜாஸ்தின்னு குன்றத்தூர்லயே ஹாஸ்டல்ல தங்கிட்டா. போன் போட்டாலும் எடுக்க மாட்றா. புள்ளைக்கு இன்னா ஆச்சோ."

ஊரே கேட்ட பதிவைப் பற்றி அவளிடம் யாரும் வாய் திறக்கவில்லை; மகள் போன காரணம் அவளுக்குத் தெரியவே தெரியாது. நின்றபடியே ஷெர்லின் எல்லாவற்றையும் சொன்னாள். ரத்னாவிடம் கையெழுத்தைப் பற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை.

"நான் பேசறப்ப மிஷின் ஓடிகினு இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

பாஞ்சாலி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று ஷெர்லின் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"உன்ன வெச்சிகினு நான் இன்னா பண்றது? போ. அவகிட்ட போயி இத அப்படியே சொல்லு. ஒண்ணும் வுடாத."

ஹாஸ்டல் வாசலில் ரத்னா முகம் கொடுக்கவில்லை. ஷெர்லின் விடாமல் சொல்லி முடித்தாள். "உங்கம்மா என்ன நம்பிச் சொன்னாங்க. நான்தான் திருடிட்டேன். உங்ககிட்டயும் பொய் சொன்னேன்." பிறகு, வெட்டி எடுத்திருந்த பகுதியைப் போனில் போட்டுக் கொடுத்தாள்.

ரத்னா காதில் வைத்துக் கேட்டாள். 'வாய் வரல' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் தடவை போட்டுக் கேட்டாள்.

"இது வேற யாருக்காவது போயிருக்கா?"

"இல்ல."

"அழிச்சிடுங்க. இனிமே நான் அம்மா வாயாலயே கேட்டுக்கறேன்."

அவள் பார்க்கவே ஷெர்லின் போனிலும் கருவியிலும் அழித்தாள், அலுவலகம் திரும்பியதும் கணினியிலும் அழித்தாள். அடுத்த வாரமே ரத்னா வீட்டுக்குத் திரும்பினாள். அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஷெர்லினுக்குத் தெரியாது. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று மட்டும் தெரிந்திருந்தது.

ஹேமந்திடமும் நடந்ததைச் சொன்னாள். வேலை போகும் என்று நினைத்தாள், போகவில்லை. "எப்படிக் கெடச்சுதுன்னு கேக்காம கைதட்டினது நான்" என்றார் அவர். அதன்பிறகு பேசியவர் கேட்டுச் சரி சொல்லாமல் எந்தக் குரலும் இணையத்துக்குப் போகவில்லை. பலர் பாதியை வெட்டச் சொன்னார்கள். மிஞ்சியதை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து வல்லக்கோட்டை பஸ் நிறுத்தத்தில் பாஞ்சாலி எதிர்ப்பட்டாள். ஷெர்லின் தலைகுனிந்து ஒதுங்கப் பார்த்தாள். பாஞ்சாலிதான் அருகில் வந்தாள்.

"நல்லா கீறியா? இளைச்சிப் போயிட்டியே."

"நல்லாருக்கேம்மா. ரத்னா?"

"கீறா. இப்ப ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு."

பஸ் வந்தது. பாஞ்சாலி ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, வரேன் என்பதுபோலத் தலையசைத்தாள். வூட்டுக்கு வா என்று சொல்லவில்லை.