விடுவிக்கப்பட்டவள்

"ஹயேத், நீ ஏம்மா அங்க போய் உக்காந்த? எந்திரிச்சு வா. இங்க கை வேணும்."

சமையலறை வாசலில் நின்று லெல்லா ஜமீலா கூப்பிட்டாள். கோபமாகக் கூப்பிடவில்லை. வீட்டுச் சாமான் இடம் மாறிக் கிடந்தால் எடுத்து அதனதன் இடத்தில் வைக்கச் சொல்வோமே, அப்படிக் கூப்பிட்டாள். மேசையைச் சுற்றி ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹயேத் அப்போதுதான் மடியில் துண்டை விரித்திருந்தாள்.

எல்லோரும் நிஸாரைப் பார்த்தார்கள். கம்பெனி அவனுடையது, வீடு அவனுடையது, கூப்பிட்டது அவன் அம்மா, ஊரே 'லெல்லா' என்று மரியாதை சொல்லும் வீட்டு எஜமானி. நிஸார் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அதில் அப்போது தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது ஹயேத்துக்குத் தெரியும்.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

"நீ என்ன அந்நியமா? எங்க வீட்டுப் புள்ளதானே" என்று சொல்லிக்கொண்டே லெல்லா ரவையில் சமைத்த மீன் குஸ்குஸ் தாம்பாளத்தை அவள் கையில் வைத்தாள். "உன் பாட்டி இந்த அடுப்புல எவ்வளவு ஆக்கிப் போட்டிருக்கா தெரியுமா? அவ கைப்பக்குவம் யாருக்கும் வராது."

அதே ஆபீஸில் வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பெண்கள் மேசையில்தான் இருந்தார்கள். அவர்களை யாரும் எழுப்பவில்லை. அவர்கள் வெளுப்பு. ஹயேத் கறுப்பு. துனீசியாவின் ஜெர்பாத் தீவில் இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அவள் தாம்பாளத்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள், ஹரிஸா மிளகாய்த் துவையல் கிண்ணத்தை வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள். பிறகு சமையலறையிலேயே நின்று சாப்பிட்டாள்.

அடையாள அட்டையில் அவள் பெயர் ஹயேத் அதீக் பென் கத்தூர். நிஸார் பென் கத்தூரின் தாத்தாவுக்குத் தாத்தா ஒருவர் அவளுடைய முன்னோரை விலைக்கு வாங்கியவர். அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது விட்டுவிட்டார். 'அதீக்' என்றால் விடுவிக்கப்பட்டவர். பென் கத்தூர் வீட்டாரால் விடுவிக்கப்பட்டவள் என்று, நூற்று எழுபது வருஷத்துக்குப் பிறகும், அவளுடைய ஒவ்வொரு சான்றிதழும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிடச் சமீபத்தில் நீதிமன்றங்கள் சம்மதிக்கத் தொடங்கியிருந்தன. ஹயேத்தும் மனுப் போட்டிருந்தாள். வருகிற வியாழக்கிழமை விசாரணை.

படித்து முடித்தவுடன் தலைநகரில் அவள் வேலை தேடிய கதை தனி. முழுப் பெயரோடு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. 'அதீக்'கை விட்டுவிட்டு அனுப்பினாள், உடனே கூப்பிட்டார்கள். நேரில் போய் நின்றதும், அந்த இடம் நேற்றே நிரம்பிவிட்டது என்றார்கள். ஒரு இடத்தில் வரவேற்பில் இருந்த பெண், துப்புரவு வேலைக்குப் பின்பக்கம் போய்க் கேட்கச் சொன்னாள். இரண்டு வருஷம் அலைந்துவிட்டு ஊர் திரும்பியவளை வேலைக்கு எடுத்தவன் நிஸார் ஒருவன்தான். அதை அவள் என்றைக்கும் மறக்கவில்லை.

மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறையில் இருவருமாகத் தொடங்கிய கம்பெனி அது. சின்னச் சின்ன விடுதிகளுக்கு அறைப் பதிவு செய்யும் மென்பொருள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஹயேத் எழுதியது. நிஸார் அதைத் தூக்கிக்கொண்டு விடுதி விடுதியாக அலைந்தான். கணினியைக் கண்டாலே எரிச்சல்படும் விடுதிக்காரர்கள்கூட அவன் பேச்சில் கரைந்தார்கள். நல்ல பொருள் தானாக விற்கும் என்று கல்லூரியில் நம்பிக்கொண்டிருந்தவள் ஹயேத். அப்படியெல்லாம் விற்காது என்று அவனைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். செய்கிறவள் நான், விற்கிறவன் அவன், நியாயமான பங்கீடுதான் என்று நினைத்தாள். எதை எதையெல்லாம் விற்பான் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வஸீம் அவளைக் கூப்பிட்டான். விளம்பரம், விற்பனை எல்லாம் அவன் பொறுப்பு. திங்களன்று பிரான்சிலிருந்து கத்ரீன் என்ற அம்மாள் வருகிறாள். ஒரு முதலீட்டு நிதியின் சார்பில் பார்க்க வருகிறவள். அவளுக்குக் காட்டப்போவதைத் திரையில் ஓட்டினான். மூன்றாவது பக்கத்தில் ஹயேத்தின் முகம் பெரிதாக நின்றது. பக்கத்தில் நிஸார். கீழே கொட்டை எழுத்தில்: 'எஜமானின் பேரன், அடிமையின் பேத்தி. இன்று ஒரே மேசையில் இரு நிறுவனர்கள்.'

"எப்படி?" என்றான் வஸீம். "மென்பொருள் ஆயிரம் பேர்கிட்ட இருக்கு ஹயேத். இந்தக் கதை யார்கிட்ட இருக்கு? அந்தம்மா அழுதுடும் பாரு."

"ஒரே மேசையா? நேத்து நான் எங்க நின்னு சாப்பிட்டேன் வஸீம்?"

முகம் சிவக்க அவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஸாரைப் பார்த்தான்.

"அம்மா பழைய காலத்து மனுஷி" என்றான் நிஸார். "அத விடு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த கோர்ட் விஷயத்த ஒரு மூணு மாசம் தள்ளிப் போடேன். இப்போ பேர மாத்திட்டா இந்தப் பக்கத்துக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்."

"சரி, மூணு மாசம் கழிச்சு மாத்துறேன்னு வை. அப்புறம் நான் ஹயேத் பென் கத்தூர். உனக்கு சம்மதமா?"

நிஸார் மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்தான்.

"சொல்லு நிஸார்."

"ஊர்ல என்ன நினைப்பாங்க? எங்க ரத்தம்னு நினைப்பாங்க. அம்மாகிட்ட நான் எப்படி… வேற ஏதாவது பேர் வச்சுக்கோயேன்."

"இதுல நிறுவனர்னு போட்டிருக்கே. கம்பெனி பத்திரத்துல என் பேர் இருக்கா?"

"முதல்ல நிதி வரட்டும்னு அஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன். நான் ஏமாத்துவேனா உன்ன?"

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அவளுடைய அப்பா மஸூத் வாசலில் காத்திருந்தார். பென் கத்தூர் வீட்டு எண்ணெய்ச் செக்கில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒலிவ மரங்களுக்கு நடுவே அவர்கள் குடியிருக்கும் வீடும் அந்த வீட்டார் நிலத்தில்தான் இருந்தது. பட்டாவெல்லாம் கிடையாது. இருந்துக்கோ என்று என்றைக்கோ சொன்ன ஒரு வார்த்தைதான்.

"லெல்லா ஆள் அனுப்பியிருந்தாங்க" என்றார். "மனுவ வாபஸ் வாங்கச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சீதி நிஸார்கிட்ட பேசிக்கறேன்னேன்."

"அப்பா, அவன் என்னைவிட ரெண்டு மாசம் சின்னவன். அவன் உங்களுக்குச் சீதியா, எஜமானா?"

"எங்கப்பா சொன்னாரு, நானும் சொன்னேன். வாய் பழகிப்போச்சு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேர எடுத்தா வீட்டையும் எடுத்துடுவாங்கம்மா. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. இனிமே நான் எங்க போவேன்?"

அப்பாவின் பயத்தில் பொய் எதுவும் இல்லை. ஹயேத் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை கத்ரீன் வந்தாள். அறுபது வயசிருக்கும், கனிவான முகம். மூன்றாவது பக்கம் திரையில் வந்ததும் வஸீம் சொன்னது போலவே கண்களைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கதைய உங்க வாயால கேக்கணும்" என்று ஹயேத்தின் கையைப் பிடித்தாள்.

ஹயேத் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மென்பொருளைத் திறந்து அரைமணி நேரம் விளக்கினாள். நூற்றுப்பத்து விடுதிகளின் பதிவுகள் ஒரே நேரத்தில் எப்படி ஓடுகின்றன, மின்சாரம் போனாலும் ஒரு பதிவுகூட ஏன் தொலைவதில்லை என்று காட்டினாள். பிறகு மூன்றாவது பக்கத்துக்குத் திரும்பி வந்தாள்.

"இதுல நிறுவனர்னு போட்டிருக்கு மேடம். உங்க கையில கம்பெனி பத்திரத்தோட நகல் இருக்கு. அதுல என் பேர் இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

கத்ரீன் தாள்களைப் புரட்டினாள். ஒருமுறை புரட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். இந்தம்மாள் இப்போது எழுந்து போய்விடுவாள் என்று ஹயேத் எதிர்பார்த்தாள்.

கத்ரீன் எழுந்திருக்கவில்லை. தாள்களைத் தட்டி அடுக்கி வைத்தாள். "இதெல்லாம் உள்வீட்டு விஷயம். போகப் போக நீங்களே சரி பண்ணிக்குவீங்க" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தப் படம் மட்டும் அப்படியே இருக்கட்டும். ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். ஒப்பந்தம் அன்றே உறுதியாயிற்று.

அவள் கார் ஏறிப் போனதும் நிஸார் வெடித்தான். "அஞ்சு வருஷம் சோறு போட்ட இடத்தையே விக்கப் பாத்தியே!"

"விக்கிறது உன் வேல நிஸார். நான் உள்ளதச் சொன்னேன்."

ராஜினாமாக் கடிதத்தை அங்கேயே அடித்து அனுப்பினாள். தான் எழுதியதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியும் சட்டப்படி கம்பெனிக்குச் சொந்தம். அப்படி எழுதிக்கொடுத்த வேலை ஒப்பந்தத்தில் மட்டும் அவள் பெயர் இருந்தது, கையெழுத்தோடு.

வியாழக்கிழமை நீதிபதி கோப்பைப் பார்க்கப் பத்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். யாரும் வரவில்லை. 'அதீக்' நீங்கியது. நூற்று எழுபது வருஷம் சுமந்த ஒன்று இவ்வளவு லேசாகக் கழன்று விழுமா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. சந்தோஷம் உடனே வரவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பயந்தது பத்தே நாளில் நடந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்ல நிஸாரே வந்தான். காரை விட்டு இறங்கி முற்றத்தில் தலை குனிந்து நின்றான். அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள், என்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தேன், என்றெல்லாம் இழுத்தான். மஸூத் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். வாழ்நாள் முழுக்க அந்த வீட்டார் முன்னால் எழுந்தே நின்றவர், அன்று எழுந்திருக்கவில்லை.

"உக்காரு நிஸார்" என்றார். "தேநீர் குடிச்சிட்டுப் போ. சாவி வெள்ளிக்கிழமை வரும்."

நிஸார் உட்காரவில்லை. வந்த வழியே போய்விட்டான்.

ஊருக்குள் அவர்களைப் போன்ற கறுப்பு ஆட்கள் வாழும் தெருவில் இரண்டு அறை கிடைத்தது. செக்கு வாசனை இல்லாமல் மஸூத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரே மாதத்தில் பாதியாக இளைத்துப்போனார். ஹயேத் விடுதிகளுக்குப் போய்ப் பழுதான கணினிகளைச் சரி செய்துகொடுத்தாள். சில நாள் வேலை இருக்கும், பல நாள் இருக்காது. அவளுடைய புதுப் பெயரைக் கேட்ட விடுதிக்காரர்கள் அவள் முகத்தையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர், "நீ எந்த பென் கத்தூர்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது மாதம் வஸீம் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"கோவிச்சுக்காத ஹயேத். ஒரு உதவி. நீ போனப்புறம் அந்தப் படத்தத் தூக்கிட்டோம். கத்ரீன் மேடம் விடாமக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க ஆளுங்கள்ல யாராவது வேலைக்கு வருவாங்களா? பேர்ல அதீக் இருக்கணும், அவ்வளவுதான்."

"கம்ப்யூட்டர் தெரியணுமா?"

"தெரியலன்னாலும் பரவால்ல, நாங்க பாத்துக்கறோம். சிரிச்ச முகமா இருந்தா நல்லது."

ஹயேத்தின் எதிரே பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.

"எங்க தெருவுல அறுபது வீடு இருக்கு வஸீம். எல்லா வீட்லயும் அந்தப் பேர் இருக்கு" என்றாள். "போன மாசத்துலேருந்து ஒவ்வொருத்தருக்கா அத எடுக்கச் சொல்லி மனு எழுதிக் குடுத்துக்கிட்டிருக்கேன். இருபத்திரெண்டு பேருக்கு எழுதியாச்சு. வர்றதா இருந்தா சீக்கிரம் வா. கொஞ்ச நாள் போச்சுன்னா உனக்கு ஒரு ஆளும் கிடைக்க மாட்டாங்க."