ஞாயிறை மறந்தவருக்கு

அந்த மேற்குத் தீவில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, ஓட்டலில் அடுப்பு எரியாது. அது கர்த்தரின் நாள். இருபது வருஷமாகக் கோடை விடுமுறைக்கு வந்துபோகும் எஃபிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எந்தக் கடையில் என்ன வாங்குவது, எந்த ராத்திரி எங்கே மீன் சாப்பிடுவது என்று பட்டியல் போட்டதெல்லாம் அவள் புருஷன் ஸ்ட்ரூவன். பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கை ஊனாவோடு கப்பலிலிருந்து இறங்கியவள் நேராக, வருஷாவருஷம் தங்கும் அதே வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் ரொட்டி வாங்கப் போய், கடைப் பூட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

"இத்தனை வருஷமா வர்ற, இதுகூடவா ஞாபகமில்ல?" என்று ஊனா பொரிந்தாள்.

"அதெல்லாம் அவர் பாத்துக்குவாரு."

வீடு திரும்பி அலமாரியைக் குடைந்தாள். முன்பு தங்கியவர்கள் விட்டுப்போன உப்பு, தேயிலை. அவற்றுக்குப் பின்னால் ஒரு சூப் டின். அதன்மேல் ஸ்ட்ரூவனின் கோணல் எழுத்து: 'ஞாயிறை மறந்து வந்தவருக்கு.'

ஒவ்வொரு வருஷமும் ஊருக்குக் கிளம்பும்போது அவர் ஒரு டின் வைத்துவிட்டுத்தான் வருவார். "எந்த முட்டாள் அதை மறப்பான்?" என்று போன கோடையில்கூட எஃபி கிண்டல் செய்தாள்.

அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை போலிருக்கிறது. டின்மேல் தூசி படிந்திருந்தது. அவள் அதை உள்ளங்கையால் துடைத்தாள்.

"ஊனா, பாத்திரத்தை அடுப்புல வை," என்றாள். "எனக்குத்தான் வச்சிட்டுப் போயிருக்காரு."