ஓடி வந்தவள் பெயர் சொல்லவேண்டும்

செந்தாமரைக்கு ஓடத் தெரியும். ஓடிக்கொண்டே ஊரைக் கடப்பது எப்படி என்பதுதான் தெரியாது. ஜவ்வாது மலையில் அது யாருக்குமே தெரியாது. மாட்டைத் துரத்திக்கொண்டு ஓடலாம், மழைக்கு ஓடலாம், ஜமுனாமரத்தூரில் கடைசி பஸ் கிளம்பிவிட்டால் தலைதெறிக்க ஓடலாம். அதெல்லாம் ஊருக்கு வெளியே. வெளியிலிருந்து ஒருத்தர் ஓட்டமாய் ஊருக்குள் நுழைந்தால் அது சாவுச்சேதி. முதலில் பார்த்தவர் போய் ஓடி வந்தவரின் கையைப் பிடித்துக்கொள்வார். செத்தவர் பெயரைச் சொன்னால்தான் கை விடுபடும். எந்தக் காலத்தில் எவன் வைத்த முறையோ, கேட்டால் யாருக்கும் தெரியாது, மாற்றவும் மாட்டார்கள்.

இந்த மலையில் பிறந்த பெண்ணுக்கு ஓட்டப்பந்தய ஆசை வந்தால் என்ன ஆகும்? வயிறு எரியும், வேறொன்றும் ஆகாது.

முதல் தடவை அவள் பயிற்சிக்கென்று பக்கத்து ஊரான வேடிக்கொல்லைக்குள் ஓடிப்போனபோது, பச்சையம்மா என்கிற தூரத்து அத்தை கையைப் பிடித்தாள். "யாருடி?" என்றாள். மூச்சு வாங்கியதில் செந்தாமரைக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வராததைப் பார்த்து அத்தை நெருங்கிய சாவு என்று முடிவுகட்டிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் அந்த ஊர்ப் பெண்கள் கும்பலாகக் கிளம்பி, வாய்க்கரிசியோடு செந்தாமரையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அவள் அப்பா கோபால்சாமி, அடுத்த உருண்டை களியை வாய்க்குக் கொண்டுபோன நிலையில், தன் சாவுக்கு வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தார். வந்தவர்களுக்குக் கோபம். செத்திருந்தால்கூட அவர்மேல் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஊருக்கு வெளியே எப்படி வேண்டுமானாலும் ஓடு, ஊர் எல்லைக் கல்லைக் கண்டதும் நடக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு தொலைந்தது. ஓடி ஓடி உடம்பு சூடேறும் நேரத்துக்கு ஒரு ஊர் வந்துவிடும். மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்போலக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்பாள். ஊர் முடியும்போது கால் மரத்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. அவளுக்கு அழுகை அழுகையாக வரும்.

மற்றவர்கள் கேலியோடு விட்டார்கள். அம்மா மணியம்மாள் மட்டும் அந்தப் பேச்சையே காதில் வாங்கமாட்டாள். செந்தாமரையின் அண்ணன் ரங்கன் பெங்களூர்ப் பக்கம் கல்குவாரி வேலைக்குப் போய், பாறை சரிந்து செத்தான். அந்தச் சேதியோடு ஓடி வந்தவன் கையை மணியம்மாள்தான் பிடித்தாள். வந்தவன் ரங்கன் பெயரைச் சொன்னான். முறைப்படி அப்போதே விட்டிருக்கவேண்டும். அவள் விடவில்லை. நாலு பேர் சேர்ந்து விரலைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு, மகள் ஓடுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். "நல்லா ஓடறேன்னு சார் சொன்னாரும்மா" என்றால், "உலையில தண்ணி கொதிக்குது பாரு" என்பாள். அவ்வளவுதான் அவளிடமிருந்து வரும் பாராட்டு.

சார் என்பது கண்ணாயிரம், பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், கலசப்பாக்கத்துக்காரர். மலையில் பெண்களுக்கான நெடுந்தூர ஓட்டம் நடத்தப்போகிறார்கள் என்ற செய்தியை எண்பத்து மூன்றாம் வருஷம் அவர்தான் கொண்டுவந்தார். முதல் மூன்று பேரை மெட்ராஸில் விடுதியில் சேர்த்துக்கொள்வார்களாம். படிப்பு, சாப்பாடு, ஓட்டம், மூன்றும் அங்கேயே. பத்தாவது முடித்துவிட்டுப் புளி உலுக்கிக்கொண்டிருந்த செந்தாமரைக்கு அதைக் கேட்ட நாளிலிருந்து தூக்கம் போயிற்று. வருகிற தையில் அவளைக் கட்டிக்கொடுத்துவிடுவதென்று வீட்டில் பேச்சு. இதை விட்டால் வேறு வழியே இல்லை.

பாதையைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு பெரிய அதிகாரி. அவருக்குப் பழங்காலத்துச் சங்கதிகளில் மோகம். நல்ல தார்ரோடு இருக்க, நடுகல் நிற்கும் வேடிக்கொல்லை, குள்ளர்கள் கட்டியதென்று சொல்லும் கல்வீடுகள் இருக்கும் கீழ்மந்தை, சிதைந்த கோவிலுள்ள பலாம்பட்டு என்று பார்த்துப் பார்த்து ஊர் ஊராகக் கோடு இழுத்துவிட்டார். பலாம்பட்டுதான் செந்தாமரையின் ஊர். கண்ணாயிரம் ஊர் ஊராகப் போய், "இது பந்தயம்ங்க, யாரும் சாகலீங்க, கையைப் புடிக்காதீங்க" என்று சொன்னார். எல்லா ஊரிலும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு என்ன, ஆடும்தான் ஆட்டும்.

போட்டியன்று நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த பெண்களை முதல் இரண்டு ஊர்களிலும் எவரும் தொடவில்லை. முகம் தெரியாதவள் கொண்டுவரும் சாவு முகம் தெரியாதவருடையதுதானே. செந்தாமரையைத்தான் எல்லோருக்கும் தெரியுமே. வேடிக்கொல்லையில் பச்சையம்மா அத்தை வழியில் நின்று, "இன்னாடி, இன்னிக்காவது பேர சொல்லிட்டுப் போ" என்று வேடிக்கைக்குக் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினாள். கீழ்மந்தையில் ஒரு சித்தப்பா, "தண்ணி குடிக்காமப் போனா இன்னா அர்த்தம்?" என்று சொம்போடு குறுக்கே வந்தார். அதைவிடக் கொடுமை, எல்லைக் கல்லைக் கண்டதும் அவள் கால்கள் தாமாகவே நடைக்கு மாறின. மாதக்கணக்கில் பழக்கிய கால்கள். இன்றைக்கு ஓடலாம் என்று அதுகளுக்கு யார் சொல்வது? தொடையில் ஓங்கி அறைந்து ஓடவைத்தாள்.

இரண்டு பேர் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். மூன்றாவதாக வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்ட போளூர்ப் பெண். செந்தாமரை நான்காவது. பலாம்பட்டு ஏற்றத்தில் அந்தப் பெண் இளைப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். ஊரைத் தாண்டினால் இறக்கம். இறக்கத்தில் செந்தாமரையை யாராலும் பிடிக்க முடியாது.

ஊருக்குள் நுழைந்தபோது போளூர்ப் பெண் ஓடவில்லை, நின்றிருந்தாள். அவள் கையை மணியம்மாள் பிடித்திருந்தாள்.

சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் முதல் பெண்ணைப் பார்த்து எழுந்திருக்கிறாள். இரண்டாமவளைப் பார்த்து முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். மூன்றாமவளைப் பிடித்துவிட்டாள். "யாரு? எத்தினி பேரு? சொல்லிட்டுப் போ" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று, "பந்தயம், மணி, வுடு" என்றார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அந்தப் பெண் அழுதபடி கையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

வழி திறந்து கிடந்தது. செந்தாமரை தாண்டிப்போனால் மூன்றாவது. அவளாக ஒரு தப்பும் செய்யவில்லை. தாண்டியும் போனாள், பத்தடி.

பிறகு, "சே" என்று திரும்பினாள். தன்மேலேயே அப்படியொரு ஆத்திரம் அவளுக்கு. அம்மாவின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். இரும்புப் பிடி. "வுடும்மா. யாரும் சாவல. அவ ஓட வந்தவம்மா."

"பேரு சொல்லு" என்றாள் மணியம்மாள். மகளின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

நடந்த தூரம் எல்லாம், மரத்த கால் எல்லாம், வரப்போகிற தை மாதம் எல்லாம் செந்தாமரையின் தொண்டைக்கு வந்துவிட்டது. "செந்தாமரை" என்றாள். "உன் பொண்ணு செந்தாமரை செத்துட்டா. போதுமா? வுடு."

கை விடுபட்டது. போளூர்ப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

மணியம்மாள் வழியிலேயே உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். ரங்கன் செத்தபோது அவள் அழவில்லை, ஊரே அதைப் பேசியது. இப்போது அடைப்பு உடைந்துவிட்டது. மானாட்டம் ஓடுவியே, என் தாயே, மலைக்காத்து உன் பின்னால வருமே, கல்லு முள்ளு உன் காலுக்குத் தெரியாதே, உன்ன ஜெயிக்க இந்த நாட்டுல ஆளுண்டா என்று அடுக்கிக்கொண்டே போனாள். காலையில் மகள் ஓடக் கிளம்பும்போது கதவிடுக்கு வழியாகப் பார்த்ததையெல்லாம் சொன்னாள். ஒருத்தியைத் தனியாக அழவிடக் கூடாதென்று, விஷயம் தெரிந்த பெண்களும் உட்கார்ந்து கூடவே அழுதார்கள்.

செந்தாமரை கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு பெண்கள் அவளைக் கடந்து போனார்கள். பிறகு இன்னொருத்தி. இறக்கத்தில் பாய்ந்தாலும் இனி எட்டமுடியாது என்று தெரிந்தது. ஓவென்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் அழுவதற்கென்று உட்கார்ந்தவர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

ஊர் எல்லை தாண்டியும் அம்மாவின் குரல் கேட்டது. அம்மா அவளுடைய ஓட்டத்தைப் பற்றி வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் செத்துப்போனவளுக்கு.