நேர்ச்சை இல்லாத சேலை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் கிழவன் என்று யாரும் வரக்கூடாது.

கைப்பேசி வீடியோவில் ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். முதல் தடவையாகப் பெண் உடை உடுத்தப் போகிற ஆண்களுக்கு யோசனை சொல்கிறாராம். என்ன சாப்பிடுவது, என்ன உடற்பயிற்சி, முடியை எப்படி எடுப்பது, எப்படி நடப்பது. நல்ல வெளிச்சம், பெரிய கண்ணாடி, பின்னால் ஒரு பூச்செடி. காலையில் வெண்ணெய்ப்பழம் சாப்பிடுங்கள் என்றார். எங்கள் கம்பம்மெட்டுப் பக்கத்தில் அது மரத்தடியில் விழுந்து கிடக்கும். காட்டுப்பன்றி தின்றது போக மிச்சம்தான் மனிதனுக்கு.

அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

அதனால்தான் கோபம். மலையில் இருக்கிற, வயிறு உள்ள, முழங்கால் வலிக்கிற ஆம்பளைக்கு உருப்படியாக நாலு யோசனை எழுதிவைப்போம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யோசனை எழுத ஆரம்பித்தால் அது பாட்டுக்குக் கதையாகப் போய்விட்டது.

இதில் வருகிற ஆள் நீதானா என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் கதை என்றால் வேறு பெயர் வைக்க வேண்டுமாம். பாண்டித்துரை என்று வைத்துக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "மலைமுகட்டில் மேகங்கள் மெல்லத் தவழ்ந்தன."

அடித்துவிட்டேன். இங்கே மேகம் தவழாது. மூஞ்சியில் வந்து அறையும்.

இரண்டாவது: "பாண்டித்துரை முப்பத்தைந்து வயது வாலிபன். கட்டுமஸ்தான உடம்பு. அவன் நடந்தால்"

இதை எழுதும்போது கை கூசவில்லை. குனிந்து என் வயிற்றைப் பார்த்த பிறகு கூசியது. வயதை எழுபது என்று திருத்துகிறேன். உடம்பை அப்படியே விட்டுவிடுகிறேன், கதைதானே.

மூன்றாவது: "பாண்டித்துரைக்குச் சேலை கட்டப் பிடிக்கும்."

இது சின்னதாக இருக்கிறது. ஆனால் பொய் இல்லை. இருக்கட்டும்.

3

கதையில் சிக்கல் என்ன என்பதை நடுவில் ஒளித்துவைப்பது எழுதுகிறவர்கள் வழக்கம். எனக்கு ஒளித்துவைக்கிறவர்களைப் பிடிக்காது. இங்கேயே வைக்கிறேன்.

எங்கள் ஏலத்தோட்டத்து ஆட்களின் பாட்டன்மார் தெற்கே இருந்து மலை ஏறியபோது முத்தாரம்மனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். புரட்டாசியில் திருவிழா. வேண்டுதல் உள்ளவர்கள், அதை நாங்கள் நேர்ச்சை என்போம், விரதம் இருந்து வேசம் கட்டிக் காணிக்கைத் தட்டேந்தி வீடு வீடாகப் போவார்கள். ஆண்கள் பெண்வேசம் கட்டுவதும் உண்டு. யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தால் அம்மன் கவனித்துக்கொள்வாள் என்று பயம்.

ஒரு வருடம் பாண்டித்துரையின் மனைவி ராமலட்சுமி மஞ்சள்காமாலை முற்றி, கம்பத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.* பிழைத்து வந்தால் சேலை கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டான். பிழைத்து வந்தாள். அவளுடைய சேலையையே எடுத்து இடுப்பில் சுற்றி, முந்தானையைத் தோளில் போட்டதும் பாண்டித்துரைக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. பலநாள் முயன்றுவிட்டேன். அப்படியே கிடக்கட்டும்.)

அடுத்த வருடமும் கட்டினான். என்ன நேர்ச்சை என்று கேட்ட கோயில் கமிட்டி ஆட்களிடம் முழங்கால் வலி என்றான். அதற்கடுத்து மழை வேண்டும் என்றான். மழை அந்த வருடம் கொட்டித் தொலைத்தது, மண்சரிந்து ரோடு போயிற்று, அதற்கும் அவனைத்தான் திட்டினார்கள். போன வருடம், மாடு சினை பிடிக்க வேண்டும் என்றான்.

ராமலட்சுமி காதுக்கு இது எதுவும் போகவில்லை என்றுதான் பாண்டித்துரை நினைத்தான். குழாயடியில், ரேஷன் கடையில், எங்கே நின்றாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "எனக்குன்னு நேந்துக்கிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் வருசந்தவறாமக் கட்டுதாரு." சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வருடம் கோயில் கமிட்டித் தலைவர் கருத்தப்பாண்டி ஒரு சட்டம் போட்டான். கருத்தப்பாண்டி வேறு யாருமில்லை, ராமலட்சுமியின் தம்பி.

"அத்தான், வேசங்கற பேர்ல சின்னப்பயக கூத்தடிக்கானுக. இந்த வருசம் வேசக்காரங்க எல்லாரும் சந்நிதி முன்னால நின்னு நேர்ச்சைய வாய்விட்டுச் சொல்லணும். சொன்னாத்தான் தட்டு. தட்டு இல்லைன்னா ஊர்வலத்துல வரக்கூடாது. உங்களுக்கென்ன, மழை மாடுன்னு என்ன சொன்னாலும் அக்காவுக்காகக் கட்டுறவரு. உங்களத்தான் மொத ஆளா நிறுத்தப் போறேன்."

கமிட்டியிடம் சொல்வது பொய்க் கணக்கில் வராது. அம்மனிடம் அப்படி முடியாது. உண்மையைச் சொன்னால் ராமலட்சுமி குழாயடியில் எதைச் சொல்வாள்?

இதுதான் சிக்கல். இனி யோசனைகளுக்கு வருவோம்.

* கதையில் ராமலட்சுமிக்கும் பெயர் மாற்றலாம் என்று பார்த்தேன். வேறு பெயரை எழுதினால் யாரோ ஒருத்தி என் வீட்டுக்குள் வந்து நிற்கிறமாதிரி இருந்தது.

4 (சாப்பாடு)

வீடியோக்காரர் ஓட்ஸ் கஞ்சி என்றார். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைக்கச் சொன்னார். பாண்டித்துரை வைத்தான். விரதத்தில் ஒரு நேரம்தான் சாப்பாடு, பசி. கண்மேல் இருந்ததைக் கையாலெடுத்துத் தின்றுவிட்டான். கண் அழகானதா என்று தெரியாது. வயிற்றுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

என் யோசனை ஒன்றுதான். கப்பையை விட்டுவிடுங்கள். மரவள்ளிக்கிழங்கு நிறைந்த வயிற்றில் சேலையின் கொசுவம் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும்.

விரதம் அம்மனுக்கு. இடுப்பு குறைந்தது எனக்கு. கருத்தப்பாண்டி வழியில் பார்த்து, "அத்தான் எளச்சுப் போனீகளே! இதில்லையா பக்தி!" என்று கையெடுத்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

(மேலே 'எனக்கு' என்று எழுதிவிட்டேன். பாண்டித்துரைக்கு என்று வாசித்துக்கொள்ளுங்கள்.)

5 (உடற்பயிற்சி)

குந்தி உட்கார்ந்து எழுந்தால் இடுப்பும் தொடையும் பெண்களைப்போல் அமையும் என்றார் அந்த ஆள். எங்கள் தோட்டத்தில் அதற்குத் தனியாக ஏற்பாடு தேவையில்லை. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு காய்க்கிறது. காய் எடுக்கிற பெண்கள் பகல் முழுக்கக் குந்தியபடியே நகர்வார்கள். பாண்டித்துரை ஆயுள் முழுக்க ஸ்டோர் என்கிற உலர்கொட்டகையில் காய் உலர்த்தியவன், நின்றே வேலை பார்த்தவன். ஒருநாள் காலை, சும்மா ஒத்தாசைக்கு என்று சொல்லிக் காய் எடுக்கிறவர்களோடு போய்க் குந்தினான்.

குந்தியதோடு சரி. முழங்கால் பூட்டிக்கொண்டது.

"பாட்டா, தூக்கி விடவா, இல்ல அங்கனயே நட்டு வச்சிரவா?" என்றாள் ஒருத்தி.

"உரம் வைக்காதிய, ஏற்கெனவே வெளஞ்சது" என்றாள் இன்னொருத்தி.

இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஆகவே உடற்பயிற்சி வேண்டாம். நடை பழகுவதும் வேண்டாம். நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் நேர்கோடு கிடையாது. ஏறும், இறங்கும், அட்டை கடிக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விழாமல் நடந்தால் அதுவே பெரிய நளினம்.

6 (ஜாக்கெட்)

முக்கு ரோட்டில் தையல்கடை வைத்திருப்பவள் ரோசி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள். மற்ற நாளில் வாயைக் கட்ட முடியாது.

"அண்ணாச்சி, வருசா வருசம் அக்கா ஜாக்கெட்ட முதுகுப்பக்கம் பிரிச்சுவிட்டு ஊக்கு குத்தித்தானே போடுவீக? இந்த வருசம் அளவெடுத்துத் தைக்கச் சொல்லுதீக. நேர்ச்சை கூடிருச்சோ?"

"வாய மூடிட்டுத் தையி."

"மார்புக்கு என்ன வைக்க?"

"உள்ளது போதும்."

"உள்ளதுக்கே மடிச்சு டாட் பிடிக்கணும் அண்ணாச்சி. வயசான ஆம்பளைக்கு அதெல்லாம் தானா வந்துருதுல்ல."

ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டே சிரித்தாள். விழுங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். ஆனால் அவள் தைத்த ஜாக்கெட் கையில் ஒரு சுருக்கம் விழவில்லை. கடைசியில் கொடுக்கும்போது மட்டும், "கலர் உங்களுக்கு நல்லாருக்கும் அண்ணாச்சி" என்றாள், சிரிக்காமல். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தப் பகுதியை எழுதினேன்.

7 (முடி)

முதலில் மீசை. இத்தனை வருடமும் மீசையோடுதான் கட்டினேன். மீசையோடு சேலை கட்டினால் அது வேசம். மீசையை எடுத்துவிட்டுக் கட்டினால் அது

(விடுங்கள்.)

இன்று காலை எடுத்தேன். திருவிழா இன்றைக்குத்தான்.

அடுத்து கால். இதற்கென்று ஒரு கிரீம் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் கேட்டால் சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று, மலை இறங்கிக் கம்பத்தில் வாங்கினேன். பாண்டித்துரை அதைக் காலில் பூசினான். பூசி

இல்லை, இனி இவனை வைத்து எழுத முடியாது. கதாநாயகனாக்கிவிட்டேன், எரிகிறது என்று சொல்லமாட்டான். எரிந்தது எனக்கு. பாண்டித்துரை வீட்டுக்குப் போகலாம். இனி நான்.

கிரீம் டப்பாவில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு என்று போட்டிருந்தது. புரட்டாசிக் காலையில் எங்கள் தொட்டித் தண்ணீரைத் தொட்டவனுக்குத்தான் தெரியும். துண்டால் வழித்தெடுத்துவிட்டேன். முடி வந்துவிட்டது, போதும். அடுத்த யோசனை, தோல் பளபளக்கப் பூசுமஞ்சள். அவசரத்தில் முன்பே கட்டியிருந்த சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு, குழைத்து இரண்டு காலிலும் முழங்கால்வரை அப்பினேன்.

கால் சிவந்தது. சும்மா சிவப்பில்லை. ரத்தச் சிவப்பு. கண்ணெதிரே பாதத்திலிருந்து ஏறியது.

நேர்ச்சை இல்லாமல் கட்டுகிறவனுக்கு அம்மன் அடையாளம் போட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். "ஆத்தா!" என்று கத்தினேன். அம்மன் வரவில்லை. ராமலட்சுமி வந்தாள்.

8

அவள் காலைப் பார்த்தாள். மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி காலைப் பார்த்தாள்.

"கிரீமைக் கழுவாம மஞ்சளைப் போட்டீகளா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆரத்தி எப்படிக் கரைக்காகன்னு நெனச்சீக? மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டாச் செவக்கும். அந்தக் கிரீமுலயும் சுண்ணாம்புக் காரந்தான். வீட்டுல ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

என் கல்யாணத்திலிருந்து எத்தனையோ ஆரத்தி எனக்குச் சுற்றியிருக்கிறார்கள். எல்லாம் குங்குமம் என்றே நினைத்திருந்தேன். எந்த ஆம்பளையும் அடுப்படியில் நின்று அதைப் பார்த்ததில்லை. வீடியோக்காரரும் ஆம்பளைதான்.

ராமலட்சுமி உள்ளே போய் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"அது அம்மனுக்கு வாங்குனது."

"அம்மனுக்கு வேற இருக்கு. கால நீட்டுங்க."

அரிந்து தேய்த்தாள். தேய்த்த இடத்தில் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. குனிந்தபடியே பேசினாள்.

"போன வருசம் மாட்டுக்கு நேந்துக்கிட்டதாச் சொன்னீகளாமே. தம்பி சொன்னான்."

"ம்."

"நமக்கு ஏது மாடு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்ப எனக்குன்னு கட்டுனது?"

"மொத வருசம் உனக்குத்தான். சத்தியமா."

"அதுக்கப்புறம்?"

இதற்குப் பதில் சொல்லியிருந்தால் மூன்றாம் பகுதியில் அந்த வாக்கியத்தையும் முடித்திருப்பேன்.

அவள் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தேய்க்கிற கை கொஞ்சநேரம் அழுத்தமாக இருந்தது. வலித்தது.

"சந்நிதியில எம்பேரச் சொல்லாதீக" என்றாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

பிறகு எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு காலும் முழங்கால்வரை மஞ்சளாக இருந்தன. "வெள்ளிக்கிழம குளிச்ச பொம்பள காலு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, நான் கட்டியிருந்த கொசுவத்தை ஒரே இழுப்பில் உருவினாள். "இதென்ன கொசுவமா, கோணிப்பையா? நேரா நில்லுங்க."

9

இதுவரை எழுதியது நடந்தது. இனிமேல் எழுத வேண்டியது இன்னும் நடக்கவில்லை. நான் சேலையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேளக்காரர்கள் வர வேண்டிய ஜீப் ஏற்றத்தில் நின்றுவிட்டதாம். அதனால் உங்களுக்குக் கதை.

மூன்று முடிவு வைத்திருக்கிறேன்.

அ) கருத்தப்பாண்டி கேட்கிறான். நான் ராமலட்சுமி பெயரைச் சொல்கிறேன். தட்டு கிடைக்கிறது. கூட்டத்தில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த முடிவை அவளே அடித்துவிட்டாள்.

ஆ) கேட்பதற்குமுன் பெருமழை பெய்து எல்லாரும் ஓடுகிறார்கள். சோம்பேறி எழுதுகிற முடிவு. மேலும், மழை பெய்தால் மறுபடி என்னைத்தான் திட்டுவார்கள்.

இ) உண்மையைச் சொல்கிறேன். அதன்பிறகு கருத்தப்பாண்டி

கருத்தப்பாண்டி என்ன செய்வான் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன் அவனை.

ராமலட்சுமி எட்டிப் பார்க்கிறாள். "என்ன எழுதுதீக?"

"கதை."

"முடிவு நல்லாருக்கா?"

"இன்னும் வரல."

"மேளம் வந்துருச்சு. எந்திரிங்க. உக்காந்து உக்காந்து கொசுவம் கசங்குது."

ஆமாம், கேட்கிறது. ஆகவே வாசிக்கிறவரே, உங்களை நான் முன்பின் பார்த்ததில்லை, நம்பவும் இல்லை. ஆனாலும் அங்கே போகுமுன் ஒரு தடவை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கருத்தப்பாண்டி. தட்டு உங்கள் கையில். நான் மீசை இல்லாமல், மஞ்சள் காலோடு, ரோசி தைத்த ஜாக்கெட்டில் உங்கள் முன்னால் நிற்கிறேன். என்ன நேர்ச்சை என்று கேளுங்கள்.

நேர்ச்சை ஒன்றுமில்லை. பிடிச்சிருக்கு.

தட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மலைக்காற்று அடிக்கிறது, ராமலட்சுமி ஒரே ஒரு ஊக்குதான் குத்தியிருக்கிறாள்.