எதையும் ஊதக் கூடாது

...எதையும் ஊதக் கூடாது என்று அந்தப் பல் டாக்டர் சொன்னாராமே, அது எப்படி அவர் வாயில் வந்தது, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த சீனர், மேலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர், நான் சங்கு ஊதுகிறவன் என்று அவருக்கு யார் சொன்னது? கடவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் கெட்டியாகச் சாப்பிடாதே என்பார், சூடாகக் குடிக்காதே என்பார், ஊதாதே என்று ஏன் சொல்ல வேண்டும்... அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை, என் மகன் மருதுதான் பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னான். "அப்பா, மேல்பல்லோட வேரு மூக்குப் பக்கத்துல இருக்கற குழிவரைக்கும் போயிருக்காம், பிடுங்குனதுல ஓட்டை விழுந்துருச்சாம், தையல் போட்ருக்காரு. ரெண்டு வாரத்துக்கு ஃப்ளைட்ல போகக் கூடாது, மூக்கச் சிந்தக் கூடாது, எதையும் ஊதக் கூடாது." எடுத்துச் சொன்னானா, சேர்த்துச் சொன்னானா? ரெண்டு வாரம் என்றால் மாசிப் படையல் முடிந்து பந்தலையும் பிரித்திருப்பார்கள். நாள் பார்த்து வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது.

அதனால்தான் நாலாம் நாளே கிளம்பிவிட்டேன், இதோ விமானத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் அரைமணி நேரத்தில் மதுரை என்கிறார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை, கன்னம் கொஞ்சம் கனக்கிறது அவ்வளவுதான். பணிப்பெண் பழச்சாறு டப்பா கொண்டுவந்தாள், அதில் உறிஞ்சுகுழல் செருகியிருந்தது, உறிஞ்சவும் கூடாது என்று மருமகள் தமிழ்வாணி தாளில் எழுதி என் சட்டைப்பையில் வைத்திருக்கிறாள், அதற்காக இல்லை, எனக்கே வேண்டாம் என்றுதான் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி அதிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேர் ஆன்மேரியாம், பசுமலைக்காரியாம், அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாம், கேட்காமலே சொன்னாள். "பல்லு எடுத்தீகளாய்யா?" ஆமாம் என்றேன். "எப்ப?" நாலு நாளாச்சு என்றேன். "நாலே நாளா? மேல்பல்லா? ஏய்யா, வீட்ல யாருமே வேணாம்னு சொல்லலையா?" என்ன கேள்வி இது, எங்கள் வீட்டில் பெரியவனைக் கவனிக்க ஆளில்லை என்றா நினைத்தாள், இல்லை, பிள்ளை சொல்லி அப்பன் கேட்கவில்லை என்று நான் என் வாயாலேயே சொல்ல வேண்டுமா, இரண்டும் குடும்பத்துக்குக் கௌரவமில்லை. "டாக்டர்தான் தாராளமாப் போங்கன்னாரு" என்றேன். அவள் நம்பவில்லை. "தும்மல் வந்தா வாயத் தொறந்தே தும்முங்க. காது அடைக்குதுன்னு மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஊதிராதீக, அம்புட்டும் பிச்சுக்கிரும்." மறுபடியும் ஊதாதே! ஒருகணம், இவளிடமும் மருது ஏதாவது சொல்லி வைத்தானோ என்று வழியனுப்ப வந்த வாசலை நினைத்துப் பார்த்தேன்... இவள் எனக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றாள், அவன் இவள் பக்கம் திரும்பினானா, கையசைத்தது எனக்கா...

பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்லலாம், சொல்கிறவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. மாசிப் படையலன்று காலையில் குலசாமியின் பொருள்கள் இருக்கும் சாமிப் பெட்டி எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் புறப்படும், பெட்டியைத் தொடுவதற்கு முன் மூன்று சங்கு, மூத்த வீட்டுக்காரன்தான் ஊத வேண்டும், மூன்றில் ஒன்று பிசிறினாலும் அடுத்த வருஷம் உரிமை இளைய வீட்டுக்குப் போய்விடும், அது சாமி வாக்கு. இளைய வீடு என்றால் காளை, என் சித்தப்பன் மகன். அவன் அப்பன் காலத்திலேயே எங்களுக்கும் அவர்களுக்கும் தகராறு கோர்ட்டு வரை போயிற்று, இருந்த ஜோடிச் சங்கில் பெரியது எங்களுக்கு, சிறியது அவர்களுக்கு என்று தீர்ப்பாயிற்று, அதிலிருந்து அந்தச் சின்னச் சங்கு அவர்கள் அலமாரியில் சும்மா கிடக்கிறது, கிடந்து காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். முப்பத்தொரு வருஷமாக நான் பிசிறவிடவில்லை, போன வருஷம்கூட எழுபத்து மூன்று வயதில், மூன்றாவது சங்குக்கு மூச்சு முட்டிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் சத்தம் கண்மாய்க்கரையைத் தாண்டிப் போயிற்று, சங்கை உதட்டிலிருந்து இறக்கின பிறகும் பெட்டி அறைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது, அப்படி ஒரு எதிரொலியை என் அப்பாகூட எழுப்பியதில்லை... காளை எனக்குப் பின்னால் கதவோரம் நின்றான், கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, பொறாமையில் முகம் சிவந்துபோய். அந்தக் காளைக்குத்தான் என் சொந்த மகன் சிங்கப்பூரிலிருந்து போன் போடுகிறான், பல் பிடுங்கிய அன்று மருந்து மயக்கத்தில் நான் தூங்குகிறேன் என்று நினைத்து, கூடத்தில் நின்று குரலை அமுக்கிக்கொண்டு. "போன வருஷம் மாதிரியே பாத்துக்கங்க சித்தப்பா. அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்." என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? எனக்குத் தெரியாமல் என் வீட்டில் போன வருஷம் என்ன நடந்தது? கேட்டிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் ஒட்டுக்கேட்டதைச் சொல்லிக்கொண்டு நிற்பதா... துணிப்பெட்டியைக் கட்டினேன், "என்னையப் பூட்டியா வைக்கப்போறே?" என்று ஒரே கேள்வி கேட்டேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் போட்டான்.

விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது, கன்னத்துக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி, கண்ணுக்குக் கீழே, பல் இருந்த இடத்துக்கு நேர் மேலே, வலி ஊசியாகப் போய் நெற்றியில் முட்டுகிறது... வாய்க்குள் உப்பாக ஏதோ கரிக்கிறது, ரத்தமாக இருக்காது, இருந்தாலும் விழுங்கிவிடலாம், இந்த நர்ஸம்மா பார்த்துவிடக் கூடாது. ஜன்னலில் தரை தெரிகிறது, வடக்கே மேலூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே கிரானைட் வெட்டியெடுத்த குழிகள், சதுரம் சதுரமாக, உள்ளே பச்சைத் தண்ணீர் தேங்கி, மலையை வேரோடு பிடுங்கிய இடம்... நாக்கு தானாகவே என் குழியைத் தேடிப் போயிற்று. ஒருதரம் பார்த்துவிட்டால் என்ன? சங்கு வேண்டாம், சும்மா கன்னத்தில் கொஞ்சம் காற்றை நிறுத்திப் பார்க்கலாம், டாக்டர் சொன்னது பொய் என்று இப்போதே தெரிந்துவிடும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், உதட்டை மூடினேன், லேசாகத்தான், குழந்தைக்குப் பால் ஆற்றுகிற அளவுக்குத்தான்... காற்று கன்னத்தில் நிற்கவில்லை. புஸ்ஸென்று மேலே ஏறி மூக்கு வழியாகப் போய்விட்டது, கூடவே சூடாக ஒரு சொட்டு மேலுதட்டில். கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். அப்படியானால் அந்தச் சீனர் பொய் சொல்லவில்லை. மருதும் சேர்த்துச் சொல்லவில்லை. நாளை மறுநாள் பெட்டிக்கு முன்னால், பங்காளிகள் அத்தனை பேரும் பார்த்திருக்க, என் சங்கு முதல் ஊதலிலேயே புஸ்ஸென்று... "ஐயா, ரத்தம்" என்றாள் ஆன்மேரி. "மூக்குல உஷ்ணம், எனக்கு எப்பவும் வாரதுதான்" என்றேன். பையிலிருந்து பஞ்சை எடுத்து என் கையில் வைத்தாள், அதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும், சொன்னேனா...

வெளியே வந்தால் வாசலில் காளை நிற்கிறான். வரச் சொன்னது யார், நான் வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லையே, பிறகு யார், மருதுதான். "என்னண்ணே, மூஞ்சி இம்புட்டு வீங்கிக் கெடக்கு, வாய்ல அண்டாவ வச்சு அமுக்கிக் கொண்டாந்த மாதிரி" என்று சிரித்தான், நான் சிரிக்கவில்லை, பெட்டியை வாங்கிக்கொண்டான், நான் விடவில்லை, இருந்தும் வாங்கிக்கொண்டான். "வண்டி நிக்குது. நேரா பல்லாஸ்பத்திரிக்குப் போறோம், மருது எல்லாம் சொல்லிட்டான், டாக்டரு உக்காந்துருக்காரு." நேரே கேட்டுவிட்டேன், நாளை மறுநாள் சங்கு நீதான் ஊதப் போகிறாயா, அதற்குத்தான் இவ்வளவு பாசமா என்று. காளை நின்றுவிட்டான். "யாருண்ணே சொன்னது? நீங்கதான் ஊதுவீக. வாய்ல வச்சுக்கிட்டு நில்லுங்க, போதும். நான் வழக்கம்போலப் பின்னால நிக்கேன்." வழக்கம்போல என்றானா? சொன்னவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டு தோளில் கிடந்த துண்டால் உதட்டைத் துடைத்தான், துடைத்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டேன், நடு உதட்டில் காசளவு வட்டம், சிவந்து கன்றிப்போய்... முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ராவும் பகலுமாகப் பழகினபோது என் உதட்டிலும் இருந்ததுதான், எதனால் வருகிறது என்று எனக்கா தெரியாது. துண்டுக்குள் இருந்த கை, கையில் அந்தச் சின்னச் சங்கு. சிவந்த முகம். இறக்கின பிறகும் நிற்காத சத்தம்...

காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன், ரிங் ரோடு திரும்புகிறது, கன்னம் தெறிக்கிறது. திருட வந்தவன் என்றால் ஊரறிய அல்லவா ஊதியிருப்பான், போன வருஷமே என் சங்கு பிசிறிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, உரிமை அவன் வீட்டில் இருந்திருக்கும்... சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? போன வருஷம் மட்டும்தானா, இல்லை, அதற்கு முந்தின வருஷமுமா...