யார் முதலில் பேசுவது

நானும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வாரமாகிறது. நான் எழுதிய ப்ரோகிராமில் என்னைக் கேட்காமல் கை வைத்தாள். காரணம் சொல்ல வந்தவளைச் சொல்லவிடாமல் கத்தினேன். அப்புறம் ஒரே மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து, சீட்டு எழுதி ஒட்டித்தான் வேலை நடந்தது.

ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்காக ஆளுக்கொன்றாக இரண்டு ஏஜென்ட்கள், அதாவது ஒன்றோடொன்று பேசும் ஏஐ ப்ரோகிராம்கள், எழுதியிருந்தோம். என்னுடையது அடுப்புக்காகப் பேசும், அவளுடையது வண்டிகளுக்காக. எத்தனை மணிக்கு எத்தனை தட்டு என்று இரண்டும் தாமாகவே யோசித்து, காரணம் சொல்லி, ஒத்துப்போக வேண்டும். இன்று ஓடிக் காட்டவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. எங்கள் ஒற்றை அறை ஆபீசைப் பூட்ட வேண்டியதுதான்.

தொழிற்சாலை முதலாளி வந்து உட்கார்ந்தார். ஓடவிட்டோம். இரண்டு திரையிலும் ஒரே வரி: "எதிர்த் தரப்பு முதலில் பேசட்டும். காத்திருக்கிறேன்."

"ரெண்டுக்கும் சண்டையா?" என்றார்.

எனக்கு மானம் போனது. வாயைத் திறக்காமல், என் ஏஜென்ட்டை முதலில் பேசும்படி மாற்றினேன். மறுபடி ஓட்டினால், இரண்டும் ஒரே நொடியில் ஆரம்பித்து ஒரே நொடியில் நிறுத்தின: "அவர் பேசுகிறார். நான் வழிவிடுகிறேன்." மகராசி, அவளும் சத்தமில்லாமல் தன்னுடையதை அதேபோல் மாற்றியிருக்கிறாள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இனி சீட்டு எழுதி ஒட்டினால் விளங்கினாற்போலத்தான். வீம்புக்காக ஆபீசை இழப்பதா?

"இந்தாடி, உன்னோடது ஆரம்பிக்கட்டும். என்னோடது கேட்டுக்கும்."

அவள் நிமிர்ந்தாள். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்," என்று என்னுடையதைப் பழையபடி மாற்றினேன்.

வண்டி கேட்டது: "ஆறு மணிக்கு இருபது தட்டு கிடைக்குமா? தூரத்துக் கடைகள் ஏழுக்குத் திறக்கின்றன."

அடுப்பு சொன்னது: "ஆறுக்குப் பன்னிரண்டுதான் வேகும். மீதி ஆறரைக்கு."

"அப்படியானால் பன்னிரண்டும் தூரத்துக்கு. பக்கத்துக் கடைகளுக்கு அடுத்த வண்டி."

"சரி."

முதலாளி சிரித்துவிட்டார். "எங்க ஆளுங்க இதுக்கு ஒரு மணி நேரம் கத்துவாங்க. திங்கட்கிழமையே போட்டுடுங்க."

அவர் போனதும் தங்கை என் பக்கம் நாற்காலியை இழுத்தாள். "அக்கா, அன்னைக்கு உன் ப்ரோகிராம்ல நான் ஏன் கை வச்சேன்னா..."

வழக்கம்போல் குறுக்கே பேச வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டேன்.

"சொல்லு," என்றேன். "முழுசா சொல்லு."